தனிப்பாடல் காணொளியில் பாடுபவரின் முகம் கட்டாயமா? பார்வையாளர் உண்மையில் எதை எதிர்பார்க்கிறார்?

வினா: கத்தரிக்கோல் (கோயம்புத்தூர்)

திரைப்படம் சாராத தனிப்பாடல் ஒன்றின் காணொளியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும் பாடியவரும் ஒரே பெண். காணொளியில் தம் முகம் ஓரிடத்திலும் வரக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். கூச்சத்தால் அப்படிச் சொல்லவில்லை. பாடல், மறைந்துபோன ஒரு பாட்டி தன் வீட்டைப் பார்த்துப் பேசுவதாக அமைந்தது. இருபதுகளில் இருக்கும் தாம் அந்தச் சொற்களுக்கு வாயசைத்தால் பாட்டே பொய்யாகிவிடும் என்கிறார். பணம் போட்டிருப்பவர் இதை ஏற்கவில்லை. பல்லவி திரும்ப வரும்போதெல்லாம் பாடகியின் முகம் அண்மைக் காட்சியில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அரை நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி.

எடுத்திருக்கும் காட்சிகள் இவைதான்: விற்கப்பட்டுவிட்ட ஓர் ஓட்டு வீடு, அதைக் காலி செய்ய வந்திருக்கும் அண்ணன், தங்கை, தங்கையின் கணவர் ஆகிய மூவர், பரணிலிருந்து இறங்கும் பித்தளைப் பாத்திரங்கள், பெட்டிகள், சட்டமிட்ட படங்கள். மூவரில் எவரும் வாயசைக்கவில்லை. முதல் தொகுப்பைச் சில நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பாடுவது யார், இவர்களில் யாருடைய கதை இது, இடையிசையில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்ற மூன்று கேள்விகளையே ஒவ்வொருவரும் வெவ்வேறு வரிசையில் கேட்டார்கள்.

எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. இதே நண்பர்கள் திரைப்படப் பாடலின் லிரிக் வீடியோவை, அதில் நான்கைந்து நிழற்படங்களும் ஓடும் எழுத்துகளும் தவிர வேறெதுவும் இல்லாதபோதும், எந்தக் கேள்வியும் இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். திரைப்படப் பாட்டில் நாயகனும் நாயகியும் வடபழனியில் நின்று பல்லவியைத் தொடங்கிச் சுவிட்சர்லாந்து மலைச்சரிவில் முடித்தாலும் எப்படிப் போனார்கள் என்று கேட்பதில்லை. தனிப்பாடல் என்றவுடன் மட்டும் காரண காரியம் தேடுகிறார்கள். இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? பாடகியின் விருப்பத்தையும் காத்து, பார்வையாளரையும் இழக்காமல் இருக்க வழி உண்டா? வெறும் ஆறுதல் வேண்டாம். தொழில் அறிந்தவர்கள் சொன்னால் பயன்படும்.

மறுமொழி 1: சாலிகிராமத்தான்

தம்பி, உங்கள் நண்பர்கள் கேட்ட முதல் கேள்விக்குள் மற்ற இரண்டும் அடங்கிவிடுகின்றன. பாடுவது யார் என்று தெரிந்துவிட்டால் அது யாருடைய கதை என்பதும் தெரிந்துவிடும். அவர் யாரென்று தெரிந்தால் இடையிசையில் அவர் சும்மா நின்றால்கூடப் பார்ப்பார்கள்.

இது நம் மக்களுக்குப் பேசும்படக் காலம் முதற்கொண்டு கிடைத்துவந்த பயிற்சி. 1931-இல் 'காளிதாஸ்' வந்தபோதும் அதன் பின் சில ஆண்டுகளும் நடித்தவரே பாடினார். தியாகராஜ பாகவதரையும் பி.யு. சின்னப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் காணக் கூட்டம் வந்ததற்குக் காரணம் அவர்கள் குரல் அவர்கள் வாயிலிருந்தே வந்ததுதான். 1930-களின் இறுதியில் பின்னணிப் பாடல் நுழைந்து, பின்னர் அதுவே வழக்கமாகி, குரல் ஒருவருக்கும் முகம் இன்னொருவருக்கும் உரியவை என்ற ஏற்பாடு நிலைபெற்றது. யாரும் இதை ஏமாற்று வேலை என்று கருதவில்லை. வானொலி அறிவிப்பிலும் இசைத்தட்டின் மேலும் பாடகர் பெயர் வெளிப்படையாகவே இருந்தது. ஆயினும் திரையில் அந்தக் குரலுக்கு ஓர் உரிமையாளர் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் விதியாயிற்று. டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு வேறு விதமாகவும் பாடினார். வானொலியில் பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் இது யாருக்கான பாட்டு என்று தெருவில் போகிறவர் சொல்லிவிடுவார். பாடியவர் ஒருவரே என்று தெரிந்திருந்தும் இரண்டு முகங்களுக்கு அந்தக் குரலைப் பிரித்துக் கொடுத்த பார்வையாளர்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் நண்பர்கள்.

குரலும் முகமும் ஒன்றுசேர்ந்த அரிய சந்தர்ப்பம் ஒன்றையும் சொல்கிறேன். 1990-இல் வந்த 'கேளடி கண்மணி'யில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தாமே நாயகனாக நடித்து, மூச்சுவிடாமல் பாடுவதுபோல் அமைந்த 'மண்ணில் இந்தக் காதலன்றி' பாட்டுக்குத் தாமே வாயசைத்தார். அதே பாட்டை வேறொரு நடிகர் முகத்தில் வைத்திருந்தால் மெட்டும் குரலும் அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் மூச்சை அடக்கிப் பாடுகிறார் என்ற வியப்பு பாதியாகக் குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

படப்பிடிப்பில் நாங்கள் கற்ற வாய்பாடும் இதையொட்டியதே. தளத்தில் நாக்ரா என்ற ஒலிநாடாக் கருவியில் பாட்டை ஓடவிட்டு வரிவரியாக எடுப்போம். பல்லவியின் முதல் வரி நாயகன் அல்லது நாயகியின் முகத்தில் விழவேண்டும். சரணம் மாறினால் உடையோ இடமோ மாறும். இடையிசை நடன இயக்குநரின் ஆட்சிக்குட்பட்டது. வாயசைக்க வேண்டிய அவசியம் இல்லாத பகுதி அது ஒன்றுதான், ஆகவே அங்கே உடம்பு பேசவேண்டும் என்பார்கள். உடை மாறுவதற்கு அழகு மட்டும் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். நடிகர் இன்று கொடுத்த தேதிக்கும் அடுத்துக் கொடுக்கப்போகும் தேதிக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடும். முடி வளர்ந்திருக்கும், உடல் பருத்திருக்கும். சரணத்துக்குச் சரணம் உடையையும் இடத்தையும் மாற்றிவிட்டால் தொடர்ச்சி பற்றிய தலைவலியே இல்லை. இப்படி வசதிக்காகச் செய்ததும் நாளடைவில் பார்வையாளர் எதிர்பார்க்கும் மரபாகிவிட்டது.

லிரிக் வீடியோ பற்றிக் கேட்டீர்கள். அந்த நான்கு நிழற்படங்களில் நாயகனின் முகம் இருக்கிறதல்லவா? குரலின் உரிமையாளர் யாரென்று முதல் நொடியிலேயே சொல்லியாயிற்று. மீதியைப் பார்வையாளரே மனத்தில் படம்பிடித்துக்கொள்கிறார். படம் வெளிவந்த பிறகு உண்மையான காட்சி அவர் மனத்தில் எடுத்ததற்கு ஈடாகாமல் போய், "பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்று வசைபாடுவதும் இதனால்தான்.

உங்கள் காணொளியில் பாட்டி எங்கே, தம்பி? அவரைக் காட்டாமல் மூன்று பேரைக் காட்டினால், பார்வையாளர் அந்த மூவரில் ஒருவரிடம் குரலை ஒப்படைக்கப் பார்ப்பார். முடியாதபோது எரிச்சல் வரும்.

மறுமொழி 2: மலர்விழி (ஊடகவியல் ஆசிரியை, திருச்சிராப்பள்ளி)

சாலிகிராமத்தார் கூறியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. எனினும் பணம் போட்டவர் கேட்கும் அண்மைக் காட்சிக்கும் பார்வையாளர் கேட்கும் முகத்துக்கும் வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

மேலைநாடுகளில் இசைக் காணொளி விளம்பரத் துணுக்காகவே வளர்ந்தது. இசைக்குழு நேரில் வரமுடியாத தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அனுப்பிவைப்பதற்காகப் படச்சுருள் எடுத்தார்கள். 1975-இல் குவீன் குழுவினரின் 'பொஹீமியன் ராப்சடி'க்கு புரூஸ் கவர்ஸ் எடுத்த காணொளியும் இத்தகைய தேவையில் பிறந்ததுதான். சில மணி நேரத்தில் எடுத்து முடித்த அந்தப் படத்தில் இருளிலிருந்து எழும் நான்கு முகங்களே முதலில் கண்ணில் நிற்கின்றன. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கியபோது நாள் முழுவதும் ஒளிபரப்பப் போதுமான காணொளிகள் கைவசம் இல்லை. தொலைக்காட்சிக்காக ஏற்கெனவே துணுக்குகள் எடுத்துப் பழகியிருந்த பிரிட்டிஷ் குழுக்கள் அந்த வெற்றிடத்தில் நுழைந்து அமெரிக்க விற்பனைப் பட்டியல்களில் ஏறின. முதலில் ஒளிபரப்பான பாடலும் பிரிட்டிஷ் இரட்டையரான பகிள்ஸ் பாடியதே. காணொளிக்குப் பணம் கொடுத்தவை இசைத்தட்டு நிறுவனங்கள். விற்கவேண்டிய பொருள் பாடகர். ஆகவே பாடகரின் முகத்தை அடிக்கடி அண்மையில் காட்டு என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் எம்டிவி பற்றி எழுதிய நூலில் இந்த அண்மைக் காட்சிக் கட்டாயத்தை இசைக் காணொளியின் அடையாளங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறார்.

இங்கே திரையரங்கு நுழைவுச்சீட்டை விற்றுத் தந்தவர் நாயகன். ஆகவே நாயகனின் முகம். அங்கே இசைத்தட்டை விற்றுத் தரவேண்டியவர் பாடகர். ஆகவே பாடகரின் முகம். உங்கள் முதலீட்டாளர் இந்தப் பாடகியின் பெயரை நிலைநாட்டி அடுத்த பாடலையும் மேடைக் கச்சேரியையும் விற்க எண்ணுகிறார் என்றால் அவர் கேட்பது வணிக நோக்கில் நியாயமானது. அதைப் பார்வையாளரின் விருப்பம் என்று பெயர்மாற்றிச் சொல்வதுதான் சரியில்லை.

முகம் காட்டாமலே குரலுக்கு உரிமையாளரைக் கொடுத்த காணொளி ஒன்று உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 2014-இல் பாடகி சியா தம்முடைய 'ஷாண்டலியர்' பாடலில் திரையில் தோன்றவில்லை. பாழடைந்த ஓர் அடுக்ககத்தில் சிறுமி மேடி சீக்லர் தனியாக ஆடுகிறாள், பாட்டுக்கு வாயசைக்கவில்லை. ஆனால் அவள் தலையில் சியாவின் அடையாளமான வெண்பொன்னிறக் குட்டைமுடி பொய்ம்முடியாக அமர்ந்திருக்கிறது. குரலுக்கும் உடலுக்கும் இடையிலான உறவை அந்த ஒரு பொருள் முதல் காட்சியிலேயே நிறுவிவிடுவதால், ஒரு சிறுமிக்கு ஏன் வளர்ந்த பெண்ணின் குரல் என்று எவரும் குழம்புவதில்லை. பாடலின் துயரத்தைச் சிறுமியின் உடல் தாங்குவதால் வரும் நெருடல் வேறு. யார் பாடுகிறார் என்ற குழப்பம் வேறு. முன்னதை இயக்குநர் வேண்டுமென்றே உண்டாக்கினார். பின்னதை நீங்கள் கவனிக்காமல் உண்டாக்கிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

கதை பற்றியும் ஒரு சொல். பாடல் வரிகளுக்கும் காட்சிக்கும் உள்ள உறவைக் குட்வின் மூன்றாக வகுத்தார்: வரியில் உள்ளதையே காட்டுவது, வரி சொல்லாத பொருளைக் கூட்டிக் காட்டுவது, வரிக்குத் தொடர்பில்லாததையோ முரணானதையோ காட்டுவது. நம் பார்வையாளர் முதல் வகைக்கே பழகியவர் என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. நாயகன் தரையில் நின்று ஏங்க, காட்சி கனவுலகுக்குத் தாவும் திரைப்பாடல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதைத்தான் இத்தனை ஆண்டுகளாக ரசிக்கிறோம். மேலைநாட்டுப் பார்வையாளரும் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு பார்ப்பதில்லை. ரேடியோஹெட் குழுவின் 'ஜஸ்ட்' காணொளியில் (1995) நடைபாதையில் படுத்துவிட்ட ஒருவரிடம் காரணம் கேட்டுக் கூட்டம் கூடுகிறது. கடைசியில் அவர் காரணத்தைச் சொல்லும் நொடியில் மட்டும் உரையாடலைக் காட்டிவந்த எழுத்துவரிகள் நின்றுவிடுகின்றன. கேட்டவர்கள் எல்லாரும் தாங்களும் படுத்துவிடுகிறார்கள். அவர் சொன்னது என்ன என்பது வெளியிடப்படவே இல்லை. பார்வையாளர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இன்றும் அதைப்பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி இன்னதென்று தெளிவாக இருந்தால் விடையை மறைக்கலாம். உங்கள் தொகுப்பில் கேள்வியே தெளிவாக இல்லை.

மறுமொழி 3: ஈப்போ வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இருவரும் திரைப்பாடல் மரபையும் மேலைநாட்டு மரபையும் பேசிவிட்டு, தமிழில் தனிப்பாடல் வளர்ந்த வேறொரு வழியை விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் தனிப்பாடல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சொல்லிசை, அதாவது ராப். யோகி பி & நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006-இல் வந்தபோது, இளையராஜாவின் 1980-ஆம் ஆண்டுத் திரைப்பாடலை அடித்தளமாக வைத்து அவர்கள் செய்த 'மடை திறந்து' சென்னை வரை போயிற்று. அந்தக் காணொளியில் பாடியவர்களே கேமராவின் முன் நின்றார்கள். நாயகனும் இல்லை, இரவல் முகமும் இல்லை. சொல்லிசையில் வரியை எழுதியவன் தன் வாயால் சொல்லவேண்டும், அதுவும் தன் தெருவில் நின்று சொல்லவேண்டும் என்பது ஒழுக்கம் போன்றது. இங்கே முகம் காட்டுவதை விற்பனைத் தந்திரம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. இது என் வார்த்தை, இதற்கு நான் பொறுப்பு என்று நிற்பதும் அதில் இருக்கிறது.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பாடகி தீ, சொல்லிசைக் கலைஞர் தெருக்குரல் அறிவு ஆகிய இருவருமே தம் முகத்தோடு தோன்றினார்கள். இதே தீயின் குரல், அதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 'ரௌடி பேபி' பாட்டில் சாய் பல்லவியின் ஆட்டத்துக்கு உரியதாக இருந்தது. 'ரௌடி பேபி'யைக் கோடிக்கணக்கில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குரலின் சொந்த முகம் தெரிந்திருக்கும்? தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் வாழ்வையும் நிலமிழந்தவர்களின் நினைவையும் எடுத்துக்கொண்டு எழுதிய வரிகளை அறிவு தாமே நின்று சொல்லாமல், ஒரு நடிகர் வாயசைத்திருந்தால் அந்தப் பாட்டுக்கு இத்தனை வலு இருந்திருக்காது.

அதனால் உங்கள் பாடகியிடம் ஒன்று கேளுங்கள். பாட்டி பேசுவதாகப் பாட்டு இருந்தாலும் எழுதியவர் அவர்தானே? பாட்டியின் சொற்களைப் பேத்தி ஏந்திச் சொல்வதில் என்ன பொய் இருக்கிறது? ஒப்பாரியில் இறந்தவரின் குரலாகவும் இருப்பவரின் குரலாகவும் ஒருத்தியே மாறிமாறிப் பாடுவதை நாம் கேட்டதில்லையா? அவர் முகம் காட்ட மறுப்பதை மதிக்கிறேன்; ஆனால் பொருந்தாது என்ற காரணத்தை மட்டும் ஏற்க முடியவில்லை.

வினா எழுப்பியவரின் குறிப்பு: கத்தரிக்கோல்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஈப்போ நண்பருக்கும் நன்றி. ஒப்பாரி பற்றிய வாதத்தைப் பாடகியிடம் சொன்னேன். ஒப்பாரியில் பாடுபவளைச் சுற்றி ஊரே அமர்ந்து அழுகிறது, கேமராவின் முன் தனியாக நின்று பாடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விடை வந்தது. ஆகவே முகம் இல்லை என்பது முடிவாகிவிட்டது. பாட்டியின் உண்மையான நிழற்படம் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். திருமணத்தின்போது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

இனி எனக்குத் தொழில்நுட்பத் தெளிவுதான் வேண்டும். பாட்டு நிமிடத்துக்கு 90 தட்டு (பீட்) வேகத்தில் போகிறது. இரண்டாம் சரணத்துக்கு முன் ஏறக்குறைய 40 நொடி நாதஸ்வர இடையிசை இருக்கிறது. நண்பர்கள் கவனம் சிதறியது பெரும்பாலும் அங்கேதான். மெதுவோட்டக் காட்சிகளால் அதை நிரப்பியிருக்கிறேன்.

மறுமொழி 4: ஒளிப்பதிவு உதவியாளர் (மதுரை)

மெதுவோட்டத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. இசைக் காணொளியில் மெதுவோட்டம் அலங்காரமாகப் போய்விட்டதால், பார்வையாளர் அதைப் பார்த்தவுடன் இங்கே சொல்ல எதுவும் இல்லை என்று புரிந்துகொண்டு விரலை நகர்த்திவிடுகிறார். மெதுவோட்டத்துக்கு வலு வருவது ஏதோ ஒன்று மட்டும் இயல்பான வேகத்தில் இருக்கும்போதுதான். 1983-இல் தி போலீஸ் குழுவின் 'ராப்ட் அரவுண்ட் யுவர் ஃபிங்கர்' காணொளியில், பாட்டை வேகமாக ஓடவிட்டு அதற்கேற்ப விரைந்து வாயசைக்கச் செய்து, அதை அதிவேகத்தில் படம்பிடித்தார்கள். சாதாரண வேகத்தில் ஓட்டும்போது உதடு பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது. சுற்றியுள்ள மெழுகுவர்த்திகளும் உடலசைவும் மட்டும் கனவில் போல மிதக்கின்றன. நீங்களும் செய்யலாம்: பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு நொடிக்கு 48 சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுத்து, 24-இல் ஓட்டினால் உதடு தவறாது. ஆனால் உங்கள் காணொளியில் வாயசைப்பே இல்லை என்பதால் இந்த உத்திக்கு இடமில்லை. மெதுவோட்டம் தனித்து நின்றால் சலிப்புதான் மிஞ்சும்.

90 தட்டு என்பது ஒரு விதத்தில் வரம். நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 சட்டங்கள் வரும். 100 தட்டாக இருந்தால் 14.4 ஆகி, எண்ணி வெட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். ஆனால் சரியாக வருகிறதே என்று ஒவ்வொரு தட்டிலும் வெட்டிவிடாதீர்கள். எல்லாத் தட்டிலும் வெட்டு விழுந்தால் நாலாவது வெட்டிலேயே அடுத்தது எப்போது என்று கண் முன்கூட்டியே அறிந்துவிடுகிறது. வரி முடியும் இடத்தில் வெட்டாமல், வரியின் கடைசிச் சொல் இழுபடும்போதே அடுத்த காட்சியைத் தொடங்கிப் பாருங்கள். பாட்டு காட்சியை இழுத்துச் செல்வதுபோல் இருக்கும்.

நிழற்படம் கிடைத்தது நல்லதாயிற்று. அதை முடிவில் வெளிப்படுத்தும் ஆசை உங்களுக்கு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். முதல் சொல் ஒலிக்கும் முன்பே அந்தப் படம் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். முதல் வரி அதன் மேல் விழவேண்டும். கைப்பேசியில் பார்ப்பவர்களுக்குச் சுவரில் தொங்கும் படம் ஒரு பொட்டு அளவுதான் தெரியும், ஆகவே தூரக் காட்சியாக வைக்காமல் படத்தின் மரச்சட்ட விளிம்பு திரைக்கு வெளியே போகும் அளவுக்கு நெருங்கி எடுங்கள். பணம் போட்டவர் கேட்ட அண்மைக் காட்சியும் கிடைத்துவிடும். முகம் மட்டும் வேறு.

மறுமொழி 5: மலர்விழி

மதுரைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிழற்படத்தில் இருப்பவர் மணப்பெண். பாட்டில் பேசுபவர் முதியவர். இந்த வயது இடைவெளியைப் பார்வையாளர் தாமே கடந்துவிடுவார் என்று நம்பவேண்டாம். பல்லவி இரண்டாம் முறை வரும்போது அதே பெண்ணின் வேறு வயதுப் படம் ஒன்று, ரேஷன் அட்டையிலோ வங்கிப் புத்தகத்திலோ ஒட்டியிருக்கும் சிறிய படமாக இருந்தாலும் போதும், யாராவது ஒருவர் கையில் வந்துபோகட்டும். எண்களும் முகவரியும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். பல்லவி திரும்ப வரும்போது காட்சியும் திரும்ப வந்து, ஆனால் சற்று மாறியிருக்க வேண்டும் என்பது எந்த நாட்டுப் பார்வையாளரும் கேட்காமலே எதிர்பார்ப்பது.

முதலீட்டாளருக்காகவும் ஒரு வழி உண்டு. பாடகி ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடும் காட்சியைத் தனிக் காணொளியாக வெளியிடலாமா என்று கேட்டுப்பாருங்கள். 2011 நவம்பரில் 'கொலவெறி' பரவியது ஒலிப்பதிவுக்கூடக் காட்சியாகத்தான். நாயகன் தனுஷே பாடகராகவும் இருந்ததால் குரலும் முகமும் அங்கே பிரியவில்லை. பாட்டியாக நிற்கத்தான் உங்கள் பாடகிக்குத் தயக்கம். ஒலிவாங்கியின் முன் பாடகியாக நிற்பதற்கும் அதே தயக்கம் இருக்கவேண்டிய அவசியமில்லை. மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

மறுமொழி 6: சாலிகிராமத்தான்

நாதஸ்வரத்துக்கு யாரும் விடை சொல்லவில்லை. தம்பி, அந்த 40 நொடியில் வாத்தியத்தைத் திரையில் காட்டிவிடாதீர்கள். காட்டினால் வீட்டில் கல்யாணமா என்று உங்கள் நண்பர்கள் நான்காவது கேள்வி கேட்பார்கள். எங்கள் காலத்தில் இடையிசைக்கு ஆட்டம் வைத்தோம் என்றேன் அல்லவா? உங்களுக்கும் ஆட்டம் வேண்டும், நடன இயக்குநர்தான் வேண்டாம். பழைய வீட்டில் பெரிய மரக் கட்டில் ஒன்று இருக்குமே, உள்ளேயே இழைத்துப் பூட்டியது, நிலைப்படியைவிட அகலமாக இருக்கும். அதை வெளியே கொண்டுவர மூவரும் படும் பாட்டை, சாய்த்துப் பார்ப்பதும் திருப்பிப் பார்ப்பதும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழுவதும் ஆக, வெட்டே இல்லாமல் ஒரே காட்சியாக வைத்துப் பாருங்கள். மூவருக்கும் இடையில் என்ன உறவு, யாருக்கு வீட்டை விற்க மனமில்லை என்பதெல்லாம் வாய் திறக்காமலே தெரிந்துவிடும். நாதஸ்வரம் அவர்கள் திணறலுக்கு மேல் ஒலிக்கும்போது அதற்கு வேறு பொருளும் வரும். அப்படி ஒரு காட்சி கையில் இல்லையென்றால், வீட்டை வாங்கியவர் பூட்டை மாற்றுவதற்கு முன் போய் எடுத்துவிடுங்கள். கட்டில் இல்லாவிட்டால் பீரோ.